ஏஜென்டிடம் புதுசா, கார் சேலில் ஜப்பான் இறக்குமதியா? இலங்கையில் மின்சாரக் கார் எடுக்க நினைப்பவர்களுக்கு

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததும், நானும் மின்சாரக் கார் ஒன்று எடுப்போம் என்று இறங்கினேன். மார்ச்சில் அட்வான்ஸ் கொடுத்தேன். கார் வீட்டு முற்றத்துக்கு வந்தது ஒக்டோபரில். இடையில் ஒரு காரை வேண்டாம் என்று திருப்பினேன், அந்த அட்வான்ஸ் நாலு மாதம் முடங்கிக் கிடந்தது, வீட்டுச் சொக்கட் ஒன்று உருகிப் போனது. முதலிலேயே யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது யாழ்ப்பாணத்தில். கொழும்பில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இந்தக் கட்டுரையில் "ஏஜென்ட் கார்" என்றால் கம்பனியின் அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் வாங்கும் புதுக் கார். "கார் சேல் கார்" என்றால் ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வேறு ஒருவர் தன் பெயரில் இறக்கி விற்பது. அது ரீகண்டிஷனாகவும் இருக்கலாம், ஓடாத புதுசாகவும் இருக்கலாம். இரண்டும் சட்டப்படியானவை.

1. உங்கள் ஓட்டத்தை முதலில் எழுதிப் பாருங்கள்

கார் பார்க்கப் போவதற்கு முன்னம் ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மாதத்தில் எத்தனை தரம் தூரப் பயணம். நான் எழுதிப் பார்த்தபோது சாதாரண நாளில் 35 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பு, ஒரு வழிக்கு 400 கிலோமீற்றர்.

விளம்பரத்தில் போடும் தூரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 40 கிலோவாற்மணி (பற்றரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு, ஒன்று என்றால் மின்சார பில்லில் ஒரு அலகு) பற்றரி உள்ள நிசான் லீஃப்புக்கு ஜப்பான் அட்டவணை 322 கிலோமீற்றர் என்கிறது. அமெரிக்க அளவீட்டில் அதே கார் 243 தான். ஏசி போட்டு ஏ9 வீதியில் ஓடினால் இரண்டாவது எண்ணுக்குத்தான் கிட்ட வரும். நிசான் சகுரா போன்ற சின்னக் காருக்கு 20 கிலோவாற்மணி, ஜப்பான் அட்டவணையில் 180 கிலோமீற்றர். ஊருக்குள் பள்ளிக்கூடம், சந்தை, கந்தோர் என்று ஓடுபவருக்கு அது தாராளம். கொழும்புப் பயணத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

2. பற்றரிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்

இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். விலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐந்தாவது வருடம் பற்றரி பழுதானால் யாருடைய கதவைத் தட்டுவது? ஏஜென்ட் கார் என்றால் வாரன்டிப் புத்தகம் இருக்கும், அதில் எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்று அச்சில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள்.

கார் சேல் காரர்கள் "ஜப்பானில் 8 வருட வாரன்டி இருக்கு" என்பார்கள். சொல்வது உண்மைதான், லீஃப்புக்கு ஜப்பானில் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் என்று பற்றரி வாரன்டி உண்டு. ஆனால் அது அந்த நாட்டு வாடிக்கையாளருக்கு. கார் கப்பல் ஏறினால் அது உங்களுடன் வராது. இங்குள்ள ஏஜென்டிடம் கொண்டுபோனால், தாங்கள் விற்காத காருக்கு அந்த வாரன்டியில் வேலை செய்ய அவர்களுக்குக் கடமை இல்லை. கார் சேல் தங்கள் பெயரில் தனியாக வாரன்டி தந்தால் அதில் பற்றரி சேருமா என்று பாருங்கள். எனக்குக் காட்டிய முதல் கடதாசியில் "மோட்டார், கியர்" என்று எழுதியிருந்தது, பற்றரி என்ற சொல்லே இல்லை.

விலை வித்தியாசம் எவ்வளவோ, அந்தக் காசுக்கு நீங்கள் அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஏற்கலாம். சில இலட்சம்தான் என்றால் நான் ஏஜென்ட் பக்கம்தான் போவேன். என் மச்சான் அப்படித்தான் செய்தான், அவனுக்கு அது சரி.

3. வரிக் கணக்கை நீங்களே போடுங்கள்

மின்சாரக் காருக்கு உற்பத்தி வரி மோட்டாரின் வலுவைப் பார்த்து, ஒரு கிலோவாற்றுக்கு இவ்வளவு என்று வரும். 2025 அட்டவணையில் ஒரு வயதுக்கு உட்பட்ட காருக்கு 50 கிலோவாற் வரை ஒரு கிலோவாற்றுக்கு 18,100 ரூபா, 50க்கு மேல் 100 வரை 24,100, 100க்கு மேல் 200 வரை 36,200. எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூட்டுவதில்லை, முழு வலுவுக்கும் கூடிய வீதம்தான். அதனால் 47 கிலோவாற் சகுராவுக்கு 850,700 ரூபா. 110 கிலோவாற் லீஃப்புக்கு 3,982,000 ரூபா. ஒரு வயது தாண்டிய காருக்கு வீதம் இன்னும் கூட.

2025இல் இதற்கு மேல் சுங்கத் தீர்வை 20 வீதம், அதற்கு மேலதிக வரி, எல்லாவற்றையும் கூட்டிய பிறகு 18 வீத வற். இறக்குமதிப் பெறுமதி 60 இலட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு ஆடம்பர வரி. இந்த எண்கள் மாறக்கூடியவை, வாங்கும் கிழமையில் சுங்கத்தின் இணையத்தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், வலுவைக் குறைத்துக் காட்டினால் வரி இலட்சக் கணக்கில் குறையும். 100 கிலோவாற் என்றால் 24 இலட்சத்து 10 ஆயிரம், 150 என்றால் 54 இலட்சத்து 30 ஆயிரம். 2025 நடுப்பகுதியில் இந்த 100ஆ 150ஆ என்ற கேள்வியில் நூற்றுக்கணக்கான புதுக் கார்கள் சுங்கத்தில் நின்றன, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அவை ஏஜென்ட் கார்கள். ஆகவே எந்த வழியில் வாங்கினாலும் சுங்கப் பிரகடனத்தில், அதாவது "கஸ்டெக்"கில், எழுதியுள்ள கிலோவாற்றும் தயாரிப்பாளரின் விவரத்தில் உள்ள கிலோவாற்றும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பின்னால் கேள்வி வந்தால் கார் நிற்பது உங்கள் வாசலில்.

4. செசி நம்பர் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்

நான் விழுந்த குழி இது. செசி நம்பர் என்றால் காரின் உடலில் பொறித்திருக்கும், அந்தக் காருக்கு மட்டுமான இலக்கம். கார் சேல்காரர் போனில் ஒக்ஷன் ஷீற்றை, அதாவது ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தரும் தாளை, காட்டினார். தரம் 4.5, உள்பக்கம் ஏ. வெள்ளை லீஃப், பார்க்கப் புதுசு மாதிரி. படத்தில் மேலே செசி நம்பர் இருக்கும் மூலையில் யாரோ பெருவிரலை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். நான் அதைக் கவனித்தேன், ஆனாலும் கேட்கவில்லை. ஐந்து இலட்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார் வந்த பிறகு செசி நம்பரை நானே எழுதி எடுத்து, காசு கட்டி ஷீற்றைத் தேடி எடுக்கும் சேவை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். வந்த ஷீற்றில் தரம் 'ஆர்'. அடிபட்டுத் திருத்திய கார் என்று அர்த்தம். இடப்பக்கக் கதவில் 'எக்ஸ்எக்ஸ்', அதாவது பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். காட்டிய ஷீற் வேறொரு காருடையது. வேண்டாம் என்றேன். அட்வான்ஸ் திரும்ப வர நாலு மாதம், அதுவும் மூன்று தவணையாக.

ஷீற்றை வாசிக்க ஜப்பான் மொழி தெரிய வேண்டியதில்லை. காரின் படத்தின் மேல் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்: ஏ கீறல், யு பள்ளம், டபிள்யூ திருத்திய அடையாளம், எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். பக்கத்தில் வரும் எண் கூடினால் பாதிப்பும் கூட. வருடம் அவர்களின் ஆண்டுக் கணக்கில் இருக்கும்: 5 என்றால் 2023, 6 என்றால் 2024, 7 என்றால் 2025. "2024 கார்" என்று சொல்லி 5 என்று எழுதிய ஷீற்றைக் காட்டினால் அங்கேயே கேளுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இறக்க முடியாது என்பதால் வயது விஷயத்தில் விளையாடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டு வாங்க வேண்டிய கடதாசிகள்: ஒக்ஷன் ஷீற், ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழ், கப்பலேற்றும் முன் செய்த பரிசோதனைச் சான்றிதழ், கப்பல் சரக்குப் பத்திரம், விலைப்பட்டியல், கஸ்டெக். ஆறிலும் செசி நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். பிரதி போதும், ஆனால் மூலையைக் கையால் மறைக்காத பிரதி.

5. பற்றரியை அளந்து பாருங்கள்

மீற்றரில் 9,000 கிலோமீற்றர் என்று இருப்பது பற்றரியைப் பற்றி முழுதும் சொல்லாது. லீஃப் என்றால் வேலை சுலபம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சொக்கட்டில் (கராஜில் காரைச் சோதிக்கப் பயன்படுவது) சின்ன புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, போனில் லீஃப்ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் பற்றரியின் ஆரோக்கியம் வீதத்தில் தெரியும். அதோடு வேகச் சார்ஜ் எத்தனை தடவை போட்டிருக்கிறார்கள் என்பதும் வரும். டாஷ்போர்ட்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முதல் கட்டம் போவதற்குள் ஏறக்குறைய 15 வீதம் குறைந்திருக்கும். 12 கட்டமும் நிற்கிற இரண்டு கார்களில் எனக்கு ஒன்றில் 96, மற்றதில் 87 காட்டியது. விற்கிறவர் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொன்னார்.

வேறு கார்களுக்குச் செயலி வேறு. அளக்க விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் அதுவே பதில். கருவி இல்லாவிட்டால் மின்சாரக் கார் திருத்தும் கராஜ் ஒன்றிலிருந்து ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

இந்த 40 கிலோவாற்மணி லீஃப்பின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. எங்கள் வெயிலுக்கு இது பெரிய விஷயம். பிறகு நான் எடுத்த லீஃப்பில் கொழும்புக்குப் போன முதல் தடவை வவுனியாவில் வேகச் சார்ஜ் போட்டபோது 40 நிமிடத்தில் வேலை முடிந்தது. தம்புள்ளையில் இரண்டாவது தடவை போட்டபோது வெப்பமானி சிவப்புக்குப் பக்கத்தில் ஏறி நின்றது, சார்ஜ் ஏறும் வேகத்தைக் கார் தானாகவே குறைத்துவிட்டது. ஒன்றேகால் மணித்தியாலம் ஒரு மரத்தடியில் இருந்தோம், சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். மாதாமாதம் தூரம் ஓடுபவர் திரவக் குளிரூட்டல் உள்ள காரையே பாருங்கள்.

6. பிளக்கைப் பார்க்காமல் கார் பார்த்ததாகாது

ஏஜென்டிடம் இப்போது வரும் புதுக் கார்களில் பெரும்பாலும் ஐரோப்பிய வகை, அதாவது டைப் 2, வேகச் சார்ஜுக்கு சிசிஎஸ்2. ஜப்பானிலிருந்து வருவதில் சாதாரண சார்ஜுக்கு டைப் 1, வேகச் சார்ஜுக்குச் சாடெமோ. பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜப்பானில் விற்கும் பிவைடி அட்டோ 3இலும் சாடெமோதான் இருக்கும். இங்கே ஏஜென்ட் விற்பதோடு அது ஒத்துவராது. ஜப்பான் டெஸ்லாவில் அமெரிக்க வகைத் துளை.

அப்புறம், நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் உள்ள சார்ஜ் நிலையங்களுக்குப் போன் எடுத்து, உங்கள் வகைச் சார்ஜ் பிளக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். வரைபடத்தில் இருப்பதும் நிலத்தில் வேலை செய்வதும் இரண்டு வேறு விஷயம். டைப் 2இலிருந்து டைப் 1க்கு மாற்றும் அடப்டர் மலிவாகக் கிடைக்கும், அது ஒன்று காரில் இருக்கட்டும். வேகச் சார்ஜுக்கான அடப்டர் விலை கூடியது. விற்பவர் "அடப்டர் போட்டால் சரி" என்றால், அவரையே வாங்கித் தரச் சொல்லி உங்கள் முன்னால் ஒரு நிலையத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

திரை ஜப்பான் மொழியில் இருக்கும், வரைபடம் ஜப்பானுடையது, ரேடியோ அலைவரிசையும் அவர்களுடையது என்பதால் இங்குள்ள நிலையங்களில் சில பிடிக்காது. இவை வாழக்கூடிய தொல்லைகள்.

7. அட்வான்ஸ் துண்டில் என்ன எழுத வேண்டும்

நூறு ரூபாக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் இவை இருக்க வேண்டும்: செசி நம்பர், மொத்த விலை, அந்த விலைக்குள் வற்றும் பதிவும் அடங்குமா, கார் கைக்கு வரும் கடைசித் திகதி, அந்தத் திகதி தவறினால் எத்தனை நாளில் காசு திரும்பும், டொலரோ வரியோ கூடினால் யார் பொறுப்பு. கடைசி வரி இல்லாததால் என் பக்கத்து வீட்டு அண்ணா பின்னால் மூன்றரை இலட்சம் மேலதிகமாகக் கொடுத்தார். காசு வங்கிக் கணக்குக்கு, கம்பனிப் பெயருக்கு மட்டும் போடுங்கள்.

ஜப்பானில் ஏலம் எடுத்து, வங்கியில் நாணயக் கடிதம் (எல்சி) திறந்து, கப்பலேற்றி, சுங்கம் முடிய மூன்று மாதம் என்றால் வேகம். "ஒரு மாதத்தில் தருகிறேன்" என்றால் கார் ஏற்கெனவே துறைமுகத்தில் நிற்க வேண்டும். செசி நம்பரைக் கேளுங்கள், இருந்தால் தருவார்.

8. கார் வரும் முன்பே வீட்டு வயரிங்

இதில் கவனம் எடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கார் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும் மின்சாரம் அயன் பெட்டி பத்து நிமிடம் இழுப்பது போலல்ல. கார் வந்த முதல் இரவு விறாந்தையில் இருந்த பழைய 13 அம்பியர் சொக்கட்டில் போட்டேன். இரவு இரண்டு மணிக்கு மனைவி எழுப்பி "ஏதோ கருகுது" என்றா. பிளக்கைப் பிடுங்கப் போனால் கை வைக்க முடியாத சூடு. சொக்கட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி வளைந்திருந்தது. உள்ளே கழற்றிப் பார்த்தபோது ஒரு வயரின் ஆணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். பிள்ளைகள் அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில்தான் படுத்திருந்தார்கள்.

காருக்கென்று மெயின் சுவிச்சிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், வேலை செய்யும் ட்ரிப் சுவிச், சரியான எர்த். இதைச் செய்யத் தெரிந்த வயரிங்காரரை வைத்துச் செய்யுங்கள். பல வீடுகளில் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 அம்பியர் இணைப்புத்தான். அது மொத்தமே 6.9 கிலோவாற். 7 கிலோவாற் சுவர்ச் சார்ஜரைப் போட்டால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு 3 கிலோவாற் சார்ஜர் போதும்: இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை ஏழு மணித்தியாலத்தில் 21 அலகு, ஏறக்குறைய 120 கிலோமீற்றர் ஓட்டம். அந்த நேரத்தைச் சொன்னதற்குக் காரணம், நேரத்துக்கு நேரம் மாறும் கட்டண முறையில் மலிவான பகுதி அதுதான். அந்த முறை உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் 180 அலகைத் தாண்டினால் பில் சுருக்கென்று ஏறும். கார் வந்தால் கட்டாயம் தாண்டும்.

9. பதிவு, லீசிங், காப்புறுதி

வரி செலுத்துநர் இலக்கம் இல்லாமல் வாகனம் பதிய முடியாது. இல்லாதவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் முகவரியும் அதிலும் அப்படியே இருக்கட்டும்.

சுங்கம் முடிந்து 90 நாளுக்குள் பதியாவிட்டால் மாதத்துக்கு இறக்குமதிப் பெறுமதியின் 3 வீதம் தண்டம். ஆகவே நீண்ட நாள் கடையில் நின்ற காரை எடுப்பதென்றால் கஸ்டெக் திகதியைப் பார்த்து நாளை எண்ணுங்கள். தண்டத்தைத் தவிர்க்க வேறு யாருடைய பெயரிலாவது பதிந்திருந்தால், "பதியாத கார்" என்று சொன்னாலும் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

லீசிங்குக்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதை அவ்வப்போது மாற்றுகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வங்கியில் கேளுங்கள், இந்தக் காருக்கு எவ்வளவு மதிப்பிடுவீர்கள் என்று. கார் சேல் விலையும் வங்கி மதிப்பீடும் ஒன்றாக இருக்காது, இடைவெளியைக் கையில் இருந்துதான் போட வேண்டும். காப்புறுதியில் வெள்ளத்தால் பற்றரி பழுதானால் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்பது தெரிந்ததே.

10. காரை எடுக்கும் நாள்

பகலில் போங்கள். அளவுக் கருவியைக் கொண்டு போய் மறுபடி அளந்து, திரையைப் படம் எடுத்து, விற்பவரிடம் அந்த வீதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். சார்ஜ் வயர், இரண்டு திறப்பு, எல்லாக் கடதாசியின் பிரதியும் கையில் இருக்க வேண்டும். ஒரு தடவை சாதாரண சார்ஜையும் ஒரு தடவை வேகச் சார்ஜையும் போட்டுப் பாருங்கள், பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

எல்லோரும் மறப்பது சின்னப் பற்றரி. மின்சாரக் காரிலும் பூட்டு, விளக்கு, கணினி இவற்றுக்கு 12 வோல்ற் பற்றரி ஒன்று இருக்கிறது. கப்பலிலும் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் நின்றதில் அது செத்துப்போயிருக்கும். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் உயிர்க்காது. எனக்கு மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூட நேரத்தில் அப்படித்தான் நின்றது. எடுக்கும் நாளிலேயே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள், பழசு என்றால் விற்பவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.